அதே கம்பம், அதே கோடு

போன வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் அவ்வளவு பெரிய சண்டை நடந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்று உங்களில் ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற பதினான்கு கூடைப்பந்துக்காரிகள் சேர்ந்தால் வேறு என்ன சண்டை வரும்? அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார்? கறுப்பு வெள்ளைப் படத்தில் மட்டும் நாம் பார்த்த அந்த உயரக்காரரா, நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆடியவரா, இப்போது நம் பேரப்பிள்ளைகள் பனியனில் எண்ணைப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அவரா? மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு நாள் அடித்துக்கொண்டீர்கள். அதோடு விட்டிருக்கலாம். பிறகு நம் இலாகா அணிகளுக்கே ஒரு வரிசை போட ஆரம்பித்து, எனக்கு இரண்டாம் இடம் கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைப் படத்தையும் ஒட்டிவிட்டீர்கள்.

அந்த வரிசையில் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அடக்கமெல்லாம் இல்லை, அது எனக்கு எப்போதும் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். வெவ்வேறு காலத்து ஆட்டக்காரர்களை எப்படி ஒப்பிடுவது என்று கண்டுபிடித்துவிட்டதாக நம்பிய ஒரு மனிதரோடு நான் வளர்ந்தேன். அவர் என் அப்பா. அந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றி இத்தனை வருஷத்தில் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நடுவில் யாரும் கைகூப்பும் படம் அனுப்ப வேண்டாம்.

விருத்தாசலத்தில் நாங்கள் இருந்தது ஒரு பீங்கான் கம்பெனியின் மதிலுக்குள். மின்சார ஃப்யூஸ் கட்டை செய்கிற கம்பெனி. பின்பக்கம் தொழிலாளர்களுக்கு ஆறு வரிசை வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. ஒரு பக்கம் சூளைச் சுவர், மறுபக்கம் மதில். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லுக்குப் பதிலாக உடைந்த பீங்கானைப் பதித்திருந்தார்கள். சித்திரையில் சூளைப் பக்கச் சுவரில் சாய முடியாது, முதுகு பொத்துப்போகும். எதைத் தொட்டாலும் வெள்ளைத் தூசி. சோற்றிலும் அதுதான், தலைமுடியிலும் அதுதான், பாடப் புத்தகத்தைப் பிரித்தால் நடுவிலும் அதுதான். கேட்டைத் திறக்க வாட்ச்மேன் வேண்டும். ஸ்கூல் இல்லாத நாளில் பொம்பளைப் பிள்ளைக்கு வெளியே என்ன வேலை என்று அவர் கேட்பார். நான் திரும்பி வந்துவிடுவேன்.

அந்த வருஷம் எனக்குப் பதிமூன்று வயது. பெரியவளாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா ஒரு முடிவோடு இருந்தாள். லீவு முடிந்ததும் நான் பள்ளிக்கூடம் போக வேண்டாம், பிசிறு எடுக்கும் கொட்டகையில் உட்காரலாம். அச்சிலிருந்து வரும் பச்சைக் கட்டைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பது அங்கே வேலை. இருபது பெண்கள் தலை நிமிராமல் மணை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, வாசலிலிருந்து மூன்றாவது மணை. அவளுக்குப் பக்கத்து இடத்தை எனக்கு என்று அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அப்பா அதே கம்பெனியில் செக்கர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, செக்கர்தான். சூளையில் வெந்து வரும் ஒவ்வொரு கட்டையையும் ஒரு சின்ன மரச்சுத்தியால் தட்டுவார். கணீர் என்றால் ஃபர்ஸ்ட். கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் செகண்ட்ஸ். மொத்தென்று கேட்டால் உடைசல் கூடைக்குப் போகும். காலையில் வேலையைத் தொடங்குமுன் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தட்டுவார். அது நல்லது என்று முன்பே தெரிந்த கட்டை. அதன் சத்தம் வழக்கம்போல் கேட்டால் இன்றைக்குத் தன் காது சரியாக இருக்கிறது என்று கணக்கு. ஒருமுறை ஒதுக்கியதை மறுபடி கையில் எடுக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது.

கம்பெனியின் பழைய முதலாளி பந்துப் பைத்தியம். கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த வெளியில் இரண்டு கம்பம் நட்டு, கூடை மாட்டி, வருஷா வருஷம் சென்னையிலிருந்து இலாகா அணிகளை வரவழைத்துப் போட்டி நடத்துவார். பந்தாடுவதற்காகவே வேலை கொடுக்கப்பட்ட ஆட்கள் அவர்கள். அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத எங்களுக்கு அவர்கள்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆட்டம் மூன்று நாள் நடக்கும். பேச்சு மீதி வருஷம் முழுக்க நடக்கும்.

அப்பாவோடு பேச்சுக்கு உட்காருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரயில் ஜங்ஷனில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஷன்டராக இருந்தவர், இன்னொருவர் ஆண்கள் பள்ளி டிரில் மாஸ்டர். ஷன்டருக்கு ரயில்வே அணியில் முதலில் வந்த நெட்டை ஆளைத் தவிர வேறு தெய்வமில்லை. மழையில் நனைந்து தேங்காய் கனம் கனக்கும் தோல் பந்தில் அவர் போட்டதை ரப்பர் பந்து தலைமுறை போட்டுக் காட்டட்டும் என்பார். டிரில் மாஸ்டர் பின்னால் வந்த இடதுகைக்காரர் கட்சி. நெட்டை ஆடிய காலத்தில் எதிரே தடுக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை, சும்மா நிற்கும் ஆட்களுக்கு நடுவில் யாரும் ராஜாதான் என்பார். நம் குழுவில் நீங்கள் போட்ட அதே சண்டை. அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, வாயால் அளந்தால் ஆகாது என்று சொல்லிக் கோடௌன் சுவரைக் காட்டுவார்.

அதுதான் அவர் கண்டுபிடிப்பு. போட்டிக்கு வருகிற ஒவ்வொரு பெரிய ஆட்டக்காரரும் ஊருக்குத் திரும்பும்முன் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று இருபத்தைந்து பந்து போட வேண்டும். எத்தனை விழுந்ததோ அதை அப்பா கறுப்பு பெயின்ட்டால் சுவரில் எழுதிவிடுவார். நெட்டை இருபத்திரண்டு, இடதுகை இருபத்திரண்டு, போலீஸ் அணியின் மீசைக்காரர் இருபது என்று பல வருஷத்து ஆட்கள் அந்தச் சுவரில் வரிசையாக நின்றார்கள். "ஆளு மாறலாம், பந்து மாறலாம். கம்பம் அதேதான், கோடு அதேதான்" என்பார்.

சுவரின் கடைசியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், தங்கை என்று எழுதிப் பதினெட்டு என்று போட்டிருந்தது.

அத்தைக்குப் பத்தொன்பது வயதில் சென்னையில் ஓர் இலாகாவில் கிளார்க் வேலைக்கு ஆர்டர் வந்தது. பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தபோது பழைய முதலாளியே சிபாரிசு செய்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத தங்கையை அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் கெட்ட பெயர். அதனால் சுவரிடம் விட்டார். இருபது போட்டால் போகலாம், அதற்குக் குறைந்தால் அங்கே போய்த் திரும்பி வந்து அசிங்கப்பட வேண்டாம். பகல் முழுக்க ஈரப் பஞ்சு பிடித்து ஊறிய கையோடு வந்து அத்தை பதினெட்டு போட்டாள். செகண்ட்ஸ் என்று அப்பா சொன்னாராம். ஆர்டரை யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. அதன் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் எழுதவில்லை. அதோடு கல்யாணப் பேச்சும் நின்றது. என் நினைவு தெரிந்த நாளில் இருந்து அத்தை என்றால் மூன்றாவது மணையில் குனிந்திருக்கும் ஒரு முதுகு.

நான் நடக்கத் தொடங்கிய காலத்திலேயே பழைய முதலாளி இறந்துவிட்டார். அவர் மகன்களுக்குப் பந்தில் ஆசையில்லை. போட்டி நின்றது, ஒரு கம்பம் இரும்புக்குப் போனது, ஒன்று மட்டும் மிஞ்சியது. எங்கள் பெண்கள் பள்ளியில் கூடையே கிடையாது. எனவே என் உலகத்தில் கூடை என்றால் அந்த ஒன்றுதான். மத்தியானம் எல்லோரும் ஷிஃப்டில் இருக்கும்போது நான் அங்கே தனியாகப் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது விளையாட்டு இல்லை. மதிலுக்குள் கையை வீசி எறிய இடமிருந்தது அங்கே மட்டும்தான்.

லீவு விட்ட வாரம் டிரில் மாஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். விளையாட்டு விடுதிக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள், படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேயே, தேர்வு சிதம்பரத்தில். அம்மா உடனே வேண்டாம் என்றாள். அப்பா என்னைக் கோட்டில் நிற்கச் சொன்னார். அதே இருபது கணக்கு. போட்டேன். இருபத்தொன்று.

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, சுவரில் அத்தையின் எண்ணுக்கு மேலே இருந்த இடைவெளியில் மகள் என்று எழுதி இருபத்தொன்று போட்டார். அத்தை அப்போது டீ எடுத்துக்கொண்டு வந்தாள். "பதிமூணு வயசுப் புள்ள இருபத்தொண்ணு. நீ பத்தொம்போது வயசுல பதினெட்டு. அன்னிக்கி நான் ஒன்னை அனுப்பாதது தப்பா சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். திட்டுகிற மாதிரி இல்லை, பல நாளாகத் தொண்டையில் இருந்ததை இறக்கி வைக்கிற மாதிரி கேட்டார். அத்தை, "இல்லீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்தாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் போகப் போகிறேன், அது போதும் எனக்கு.

விண்ணப்பத்தில் ஒட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைப் போல எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கம்பத்தின் அடியில் ஒரு சிமென்ட் மேடை, அதில் அத்தை முட்டியை மடக்கி உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வயது, இரட்டை ஜடை, சிரிப்பு. நானும் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். கம்பத்தின் அடியில் மேடை இல்லை.

காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். சிமென்ட்டின் மேல் விளிம்பு தரையோடு தரையாகத் தெரிந்தது. ஓரமாகக் குச்சியால் நோண்டினேன். மேலே சிவப்பு கிராவல், அடியில் உடைந்த ஃப்யூஸ் கட்டைகள், மறுபடி கிராவல், மறுபடி உடைசல், அப்புறம் சூளைச் சாம்பல், அப்புறம் மறுபடி உடைசல். கடைசியில் கறுப்பு மண் வந்தது. விரல் கிழிந்து ரத்தம் வந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அப்பாவின் ஓரடி ஸ்கேலை எடுத்து வந்து உள்ளே விட்டேன். முழுதாக இறங்கியது.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த வெளியில் தண்ணீர் நிற்கும். கம்பெனியில் வேண்டாத உடைசலுக்கு என்ன பஞ்சம்? கூடை கூடையாகக் கொட்டி, காலைக் கிழிக்காமல் இருக்க மேலே கிராவல் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து விடுவார்கள். அப்பாதான் நின்று வேலை வாங்குவார். முடிந்ததும் கம்பத்திலிருந்து டேப் பிடித்துக் கோட்டை மிகச் சரியாக மறுபடி போடுவார். தூரத்தை அளந்தார். உயரத்தை அளக்க அவருக்குத் தோன்றவே இல்லை. போட்டி நின்ற பிறகு வெளியாட்களும் வராததால் சொல்லவும் ஆளில்லை. கம்பம் அதேதான், கோடும் அதேதான். தரை ஓர் அடி ஏறியிருந்தது. நெட்டையும் இடதுகையும் அத்தையும் பத்து அடிக் கூடைக்குப் போட்டார்கள். நான் ஒன்பது அடிக் கூடைக்குப் போட்டுவிட்டு அத்தைக்கு மேலே என் எண்ணை எழுத விட்டிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் மண்வெட்டியோடு போய், கோட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினேன். ஓர் அடி ஆழம், நான் நிற்கிற அகலம். கறுப்பு மண் வந்ததும் அதற்குள் இறங்கி நின்றேன். வெயிலில் காய்ந்த உடைசலின் விளிம்பு கெண்டைக்காலில் குத்தியது. கூடை எங்கேயோ மேலே போயிருந்தது. இருபத்தைந்து போட்டேன். ஒன்பது விழுந்தது.

குழியின் மேல் பலகை போட்டு, கோணியை விரித்து, மண்ணைத் தூவி மூடினேன். அப்பாவிடம் சொன்னால் இருபத்தொன்று பொய் என்றாகும், இருபதுக்கு வராதவள் போக முடியாது, நாலாவது மணை காத்திருந்தது. சொல்லாவிட்டால் அத்தை இந்த வீட்டில் சாகும்வரை செகண்ட்ஸ். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அம்மாகூட மனம் மாறி எனக்கு ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். நான் மட்டும் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தேன்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்ததைக் கவனிக்காமல் குழிக்குள் நின்று போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றாள். கையெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. "என்னடி, உன்னை நீயே பொதைச்சிக்கிறியா" என்றாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மேடை, ஸ்கேல், ஒன்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குழியைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னை வெளியே இழுத்துவிட்டுத் தான் இறங்கினாள்.

முதல் இரண்டு பந்து கம்பியில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. அவள் எறியும்போது மணிக்கட்டு மட்டும் அசைந்தது, மூன்றாவது மணையில் நான் பார்த்த முதுகே இல்லை அது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாத" என்றாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு ஏறி வந்தாள். முகம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

உன் பதினெட்டுதான் பெரிது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சு? இனிமே என்னை மெட்ராஸுக்கு அனுப்பப் போறாரா? ஒன்னையும் அனுப்ப மாட்டாரு, அவ்ளோதான் நடக்கும். நீ போ. அங்க கூடை ஒசரமாத்தான் இருக்கும், அதனால இந்தக் குழிக்குள்ளயே நின்னு போடு."

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. அவளே சொல்லிவிட்டாள், இனி என்மேல் பழியில்லை. பதிமூன்று வயதில் அவ்வளவு சுலபமாக ஒருத்தியின் தலைமேல் ஏறி நிற்க முடிந்தது.

பத்து நாள் குழிக்குள் நின்றே போட்டேன். ஒன்பது பன்னிரண்டானது, பன்னிரண்டு பதினாலானது. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் குழியை நானும் அத்தையும் உடைசல் போட்டு மூடி, மிதித்து, கோட்டைச் சுண்ணாம்பால் சரிசெய்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஷன்டரும் டிரில் மாஸ்டரும் வந்தார்கள். போகுமுன் இன்னொரு தடவை பிள்ளை போடட்டும், பார்த்து வெகுநாளாயிற்று என்று ஷன்டர்தான் ஆரம்பித்தார். அப்பா பெருமையாக என்னைக் கூப்பிட்டார்.

பத்து நாளாக உயரக் கூடைக்குப் பழகிய கை. மேட்டில் நின்று போட்டதும் பந்து கூடையைத் தாண்டிப் பலகையின் மேல் போய் அடித்தது. அடுத்ததும் அப்படியே. கையைக் குறைத்துக் குறைத்துச் சரிப்படுத்துவதற்குள் ஆறு போய்விட்டது. மொத்தம் பத்தொன்பது.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. டிரில் மாஸ்டர், அன்றைக்கு இருபத்தொன்று வந்தது ஏதோ அதிர்ஷ்டமோ என்று மெல்ல இழுத்தார். காற்று இருக்குது என்று ஷன்டர் சொன்னார், கம்பம்கூட லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிகிறது என்றார். கம்பத்தைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. அப்போது ஷன்டர் ஒரு யோசனை சொன்னார். செக்கர் காலையில் சட்டைப் பையில் இருக்கும் கட்டையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, ஏற்கெனவே எண் தெரிந்த ஓர் ஆளைப் போடச் சொல்லிப் பார்க்கலாம். "தங்கச்சியைப் போடச் சொல்லுங்க. அதே பதினெட்டு வந்துச்சுன்னா கம்பம் சரியா இருக்குதுன்னு அர்த்தம்."

ஒதுக்கியதை மறுபடி தொடாத அப்பாவுக்கு இந்த வாதத்தை மறுக்கத் தெரியவில்லை. அவருடைய வழக்கத்தையே எடுத்து அவர் முன் வைத்துவிட்டார் ஷன்டர். அத்தையைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தொடவில்லை, வராது என்றாள். அப்பா, "சும்மா போடு, ஒன்னை யாரு குத்தம் சொல்லப் போறாங்க" என்றார். கூடையின் அடியில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

ஒன்பது அடிக் கூடைக்கு அவள் கை என்ன செய்யும் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். இருபதைத் தொட்டுவிட்டால் என் பத்தொன்பது அதற்குக் கீழே போகும். செகண்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அப்பா எங்கே அனுப்புவார்?

முதல் பந்து வெளியே போனது. பிறகு விழ ஆரம்பித்தது. அப்பா எண்ணிக்கொண்டே வந்தார். எட்டு, ஒன்பது, பத்து. நடுவில் ஒன்று தவறியது. டிரில் மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இருபதாவது பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியபோது அப்பா பதினெட்டு என்றார். இன்னும் ஐந்து பந்து பாக்கி.

அத்தை பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு போட்டாள். பந்து வளையத்தின் இடது ஓரத்தில் பட்டு வெளியே வந்தது. அடுத்ததும் அதே இடத்தில் பட்டது. அதற்கடுத்ததும் அதே இடம். ஐந்து பந்தும் ஒரே இடத்தில், ஆணி அடித்த மாதிரி. வேண்டுமென்று எறிந்தாலும் உங்களில் யாராலும் அப்படி ஐந்து எறிய முடியாது, என்னாலும் முடியாது.

"பதினெட்டு" என்றார் அப்பா. "பன்னெண்டு வருசம் கழிச்சும் அதே பதினெட்டு. கம்பம் சரியாத்தான் இருக்குது." அவர் கண்ணில் தண்ணீர் தெரிந்தது. பதிமூன்று வயதுக்குப் பத்தொன்பது போதும், இருபது பெரியவர்களுக்கு என்று அவரே சொல்லிக்கொண்டார். அத்தைக்கு இரண்டு குறைந்தபோது வளையாத கணக்கு எனக்கு ஒன்று குறைந்தபோது வளைந்தது. ஷன்டர் மட்டும் அத்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயைக் குடிக்காமலே "போயிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தச் சுவர்ப் பக்கம் பேச்சுக்கு வரவில்லை. அத்தை கையைக் கழுவிவிட்டு உலை வைக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு வழியாகப் பஸ் பிடித்து அப்பா என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். தேர்வில் மூன்றாவது பெயராக என் பெயரைப் படித்தார்கள். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும்: விடுதி, இலாகா வேலை, நீங்கள். அத்தை கம்பெனி மூடும்வரை மூன்றாவது மணையில் இருந்தாள். அப்பா சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பதினெட்டைச் சொல்லி, தான் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு வேலை, பிறகு அவருக்கு வயதாகிவிட்டது. அத்தையிடம் மட்டும் ஒருமுறை லீவில் போனபோது கேட்டேன், கடைசி ஐந்தும் ஏன் அப்படிப் போனது என்று. கை வலித்தது என்றாள். அவள் போய் எட்டு வருஷம் ஆகிறது.

இப்போது யோசித்தால் அப்பாமேல் எனக்குக் கோபமில்லை. அவர் பாவம், தரையைப் பார்க்கத் தவறியவர். நான் தவறவில்லை. இருபதாவது பந்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தாளே, அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள், மண்வெட்டிகூடச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. நான் சொல்லவில்லை. எனக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்து தடவையும் உருண்டு வந்த பந்தை எடுத்து, தூசியைத் துடைத்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்தது நான்தான்.